ஒற்றை லாரி வைத்திருப்பவருக்கு: பட்டறைச் செலவையும் கடன் தவணையையும் ஒரே கணக்கில் வைப்பது எப்படி?

இன்று வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று பிரிந்திருக்கும் பழைய வட ஆற்காட்டில், பல ஆண்டுகள் பிறருடைய வண்டியில் ஸ்டீயரிங் பிடித்துவிட்டுப் பிறகு கடன் வாங்கிச் சொந்தமாக ஒரு லாரி எடுக்கும் ஓட்டுநர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் தோல் தொழிற்சாலைகளும், இராணிப்பேட்டை சிப்காட்டும், கல் குவாரிகளும், சென்னையையும் பெங்களூரையும் இணைக்கும் 48ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையும் இருப்பதால், வண்டி ஓட்டத் தெரிந்தவருக்கு லோடு பிடிப்பது பெரிய காரியம் இல்லை. நான் பார்த்தவரையில், இவர்களில் கடனில் மூழ்கியவர்கள் பெரும்பாலும் வாடகை கிடைக்காமல் மூழ்கியவர்கள் அல்லர். திடீரென்று வந்த பட்டறைச் செலவுக்குக் கையில் பணம் இல்லாமல், அன்றைக்கே கிடைக்கிற பணத்தை, அதாவது ஊரிலேயே வட்டி அதிகமான பணத்தை வாங்கியவர்கள். அதனால் பழுது பார்ப்பதையும் கடனைச் சமாளிப்பதையும் இரண்டு தனித்தனிப் பாடங்களாகச் சொல்லாமல், ஒரே நோட்டுப் புத்தகத்தில் எழுத வேண்டிய ஒரே கணக்காக இங்கே சொல்லியிருக்கிறேன்.

வாங்கும் முன் செய்ய வேண்டியவை

முதலில் வட்டியின் உண்மையான அளவைத் தெரிந்துகொள்ளுங்கள். பழைய வண்டிக்குக் கடன் பேசும்போது வட்டி பெரும்பாலும் 'பிளாட்' கணக்கில்தான், அதாவது அசல் குறைந்தாலும் கடைசிவரை முழுக் கடன்தொகைக்கும் வட்டி போடும் கணக்கில்தான் சொல்லப்படும். 5,00,000 ரூபாயை 10 சதவீத பிளாட் வட்டியில் 36 மாதத் தவணைக்கு வாங்கினால், வட்டி 1,50,000 ரூபாய், மொத்தம் 6,50,000 ரூபாய், மாதத் தவணை ஏறத்தாழ 18,056 ரூபாய். பத்து சதவீதம் என்று காதில் விழுந்தாலும், மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வருவதைக் கணக்கில் எடுத்தால் நீங்கள் கட்டும் வட்டி ஆண்டுக்கு ஏறத்தாழ 18 சதவீதம். ரிசர்வ் வங்கியின் விதிப்படி, 2024 அக்டோபர் 1 முதல் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தனிநபர் கடனுக்கும் சிறுதொழில் கடனுக்கும் முக்கிய விவர அறிக்கை என்னும் தாளைக் கையெழுத்துக்கு முன்பே தர வேண்டும். செயலாக்கக் கட்டணம் உள்ளிட்ட எல்லாச் செலவையும் சேர்த்த ஆண்டு வட்டி விகிதம் அதில் ஒரே எண்ணாக இருக்கும். இரண்டு நிறுவனங்களை ஒப்பிடும்போது அந்த எண்ணை மட்டும் ஒப்பிடுங்கள். தவணைத் தொகையை ஒப்பிட்டால், காலத்தை நீட்டித் தவணையைக் குறைத்துக் காட்டுபவரே மலிவானவராகத் தெரிவார்.

அடுத்தது வண்டி. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும். நீங்கள் போகும்போது விற்பவர் ஏற்கெனவே ஓடவிட்டுச் சூடேற்றி வைத்திருந்தால், மறுநாள் விடியற்காலையில் வருவதாகச் சொல்லிவிட்டுத் திரும்பிவிடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று புகை அடித்து வருவது ரிங்கும் லைனரும் தேய்ந்ததற்கு அடையாளம். சைலன்ஸரில் நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது. ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போது கரும்புகை கொட்டினால் ஏர் ஃபில்டரையோ நாசிலையோ சந்தேகிக்க வேண்டும். ரேடியேட்டர் தண்ணீரில் எண்ணெய்ப் படலம் மிதந்தால் ஹெட் கேஸ்கட்டோ ஆயில் கூலரோ போயிருக்கலாம். பிறகு வண்டிக்கு அடியில் போய், கமான் பட்டை (லீஃப் ஸ்பிரிங்) மாட்டியிருக்கும் பிராக்கெட்டைச் சுற்றிச் சேஸியில் புது வெல்டிங் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். புதுப் பெயிண்ட் அந்த இடத்தில் மட்டும் பளபளத்தால் சேஸி விரிசல் விட்டிருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளலாம். உங்களுக்கு நம்பிக்கையான மேஸ்திரி ஒருவரை அரை நாள் கூலி கொடுத்து அழைத்துப் போவது இந்த வியாபாரத்திலேயே மிகவும் லாபமான செலவு.

காகிதங்களில் ஆர்.சி. (பதிவுச் சான்று), எஃப்.சி. (தகுதிச் சான்று), சாலை வரி, பெர்மிட், இன்ஷூரன்ஸ், கட்டப்படாத இ-சலான், ஆர்.சி.யில் பதிவாகியிருக்கும் நிதி நிறுவனத்தின் பெயர் ஆகிய அனைத்தையும் அரசின் பரிவாகன் இணையதளத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். சரக்கு வாகனத்துக்கு முதல் 8 ஆண்டுகள் வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அதன் பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி. எடுக்க வேண்டும் என்பதால், எட்டு வயதைத் தாண்டிய வண்டி விலையில் மலிவாக இருந்தாலும் ஆண்டுக்கு ஒரு பட்டறைச் செலவைக் கட்டாயமாகக் கூடவே கொண்டு வரும்.

கையில் இருக்கும் பணம் முழுவதையும் முன்பணமாகக் கட்டிவிட வேண்டாம். மூன்று தவணைக்கும், வாங்கியவுடன் செய்ய வேண்டிய முதல் பட்டறை வேலைக்கும் பணம் தனியாக இருந்தால் மட்டுமே வண்டி எடுங்கள். இல்லையென்றால் விலை குறைந்த வண்டியைப் பாருங்கள், அல்லது ஆறு மாதம் பொறுங்கள்.

கிலோமீட்டருக்கு ஒரு விலை

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் கடைப்பிடிக்க முடியும் என்று சொல்பவர் இந்தப் பகுதியைக் கடைப்பிடித்தால் போதும். வண்டி ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டரிலும் டயரும் கிளட்சும் பிரேக் லைனரும் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவாகிக்கொண்டிருக்கின்றன. பட்டறையில் பில் நீட்டப்படும் நாளில்தான் அது நம் கண்ணுக்குத் தெரிகிறது. அந்தச் செலவைக் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே பிரித்துவிட வேண்டும்.

மாதம் 5,000 கிலோமீட்டர் ஓடும் ஓர் ஆறு சக்கர லாரியை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். எண்கள் கணக்கு விளங்குவதற்காகச் சொல்பவை. உங்கள் வண்டிக்கும் உங்கள் ஊர் விலைக்கும் ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். டயர் ஒன்று 20,000 ரூபாய், ஆறும் சேர்ந்து 60,000 கிலோமீட்டர் ஓடும் என்றால் கிலோமீட்டருக்கு 2 ரூபாய். 15,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில், ஃபில்டர், கிரீஸ் வகையில் 12,000 ரூபாய் என்றால் 80 பைசா. கிளட்ச், லைனர், பேரிங், பேட்டரி, கமான் பட்டை வேலைகளுக்கு 60,000 கிலோமீட்டருக்குள் 90,000 ரூபாய் என்றால் ஒன்றரை ரூபாய். எஞ்சின், கியர்பாக்ஸ், கிரவுன் (பின் ஆக்ஸில் பல்சக்கரம்) போன்ற பெரிய வேலைக்கு 1,50,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை 1,50,000 ரூபாய் என்றால் ஒரு ரூபாய். எஃப்.சி., இன்ஷூரன்ஸ், வரி, பெர்மிட் எல்லாம் ஆண்டுக்கு 90,000 ரூபாய் என்றால் ஒன்றரை ரூபாய். ஆக மொத்தம் 6 ரூபாய் 80 பைசா. மேலே சொன்ன 18,056 ரூபாய்த் தவணையை 5,000 கிலோமீட்டரால் வகுத்தால் 3 ரூபாய் 61 பைசா. இரண்டையும் கூட்டினால் 10 ரூபாய் 41 பைசா.

அதாவது டீசல், டோல், பேட்டா, புரோக்கர் கமிஷன் அனைத்தும் போகக் கிலோமீட்டருக்குப் பத்தரை ரூபாய் மிஞ்சினால்தான், அதற்கு மேல் வருவது உங்கள் வீட்டுக்கு. வேலூரிலிருந்து சென்னைக்குப் போய்த் திரும்ப ஏறத்தாழ 280 கிலோமீட்டர் என்று வைத்தால், ஓட்டச் செலவு போக 2,900 ரூபாய் வண்டிக்கும் கடனுக்கும் உரியது. திரும்பும்போது காலியாக வந்தாலும் அந்தக் கிலோமீட்டரும் கணக்கில் உண்டு. "டீசல் போக மூவாயிரம் நிக்குது" என்று மகிழ்ச்சியோடு வீட்டுக்குப் போகிறவர், உண்மையில் நூறு ரூபாயோடுதான் போகிறார். வண்டியை ஓட்டிக்கொண்டே இருந்தும் கடன் ஏறுவது எப்படி என்று பலருக்குப் புரியாமல் போவதற்குக் காரணம் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

செய்முறை எளிது. பழுதுக்கு என்று தனியாக ஒரு வங்கிக் கணக்கு திறந்துகொள்ளுங்கள், அதற்கு ஏ.டி.எம். கார்டு வாங்காமல் இருந்தால் இன்னும் நல்லது. ஒவ்வொரு லோடும் முடிந்து பேலன்ஸ் வாடகை கைக்கு வந்த அன்றே, ஓடிய கிலோமீட்டரை 6.80 ரூபாயால் பெருக்கி அந்தக் கணக்கில் போட்டுவிடுங்கள். நோட்டில் தேதி, ஏற்றிய இடம், இறக்கிய இடம், மீட்டர் எண், வாடகை, அட்வான்ஸ், டீசல், டோல், பேட்டா, பழுதுக் கணக்கில் போட்டது என்று ஒரு வரிக்கு ஒரு நடை எழுதினால் போதும்.

காலையில் பத்து நிமிடம்

பட்டறைச் செலவைக் குறைக்கும் இடம் பட்டறை இல்லை. வண்டி நிற்கும் இடம். புதியவர்கள் ஆயிலையும் தண்ணீரையும் பார்க்கப் பழகிவிடுகிறார்கள். பிரேக்கை இயக்கும் ஏரையும் டயரையும் பார்ப்பதில்தான் சோம்பல் வருகிறது.

எஞ்சினை ஓடவிட்டு ஏர் மீட்டர் முழுதாக ஏறும்வரை காத்திருந்து, சக்கரத்துக்குக் கட்டை போட்டுவிட்டு எஞ்சினை நிறுத்துங்கள். முள் அசையாமல் நிற்க வேண்டும். பிறகு பிரேக் பெடலை மிதித்துப் பிடித்துக்கொண்டு, கிளீனரை ஒவ்வொரு சக்கரத்தின் பக்கமும் போய்க் காது கொடுக்கச் சொல்லுங்கள். விடியற்காலையில் ரோடு அமைதியாக இருக்கும்போது, சிறிய ஏர் கசிவும் 'உஸ்' என்று தெளிவாகக் கேட்கும். சத்தம் வரும் ஜாயிண்டில் சோப்புத் தண்ணீரைத் தடவினால் குமிழி வரும் இடம்தான் கசிவு. ஹோஸ் பைப்போ சேம்பர் டயாஃப்ரமோ இந்த நிலையில் மாற்றினால் சில நூறு ரூபாயிலிருந்து ஓரிரு ஆயிரம் வரை முடிந்துவிடும். ஏர் டாங்கின் அடியில் இருக்கும் வால்வைத் திறந்து தேங்கிய தண்ணீரை வெளியேற்றுவதையும் அப்போதே முடித்துவிடுங்கள். வெறும் தண்ணீர் சில துளிகள் வந்தால் கவலை இல்லை. எண்ணெய் கலந்து பால் போல வந்தால் கம்ப்ரஸர் ஆயில் தள்ளுகிறது என்று பொருள். பேரணாம்பட்டிலிருந்து வீ.கோட்டா போகும் மலைப்பாதையிலும், ஜவ்வாது மலைச் சாலைகளிலும் லோடோடு இறங்குபவர்கள் இந்தச் சோதனையை ஒரு நாளும் விடக்கூடாது. இறங்கும்போது கியரைக் குறைத்து எஞ்சின் பிடியில் இறங்குங்கள். பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் டிரம் சூடேறி, தேவைப்படும் நேரத்தில் பிரேக் பிடிக்காமல் போகும்.

டயர் விஷயத்தில் வேலூர் வெயில் தனிக் கணக்கு. மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில், காற்றுக் குறைந்த டயர்தான் முதலில் வெடிக்கும். காற்று நிறைய இருந்தால் வெடிக்கும் என்று நினைத்து மதிய வேளையில் சூடான டயரிலிருந்து காற்றை இறக்கிவிடும் பழக்கம் தலைகீழான வேலை. காற்றை எப்போதும் குளிர்ந்த டயரில், மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். பின்பக்க ஜோடி டயரில் உள்பக்க டயர் காற்று இறங்கியிருந்தால் வெளியே இருந்து பார்க்கத் தெரியாது. அதன் சுமை முழுவதும் வெளி டயரில் ஏறி இரண்டும் சேர்ந்து போகும். ஜோடிக்குள் ஒன்று புதிதும் ஒன்று தேய்ந்ததுமாகப் போடுவதும் இதே கதைதான். பட்டன், அதாவது டயரின் வரிப்பள்ள ஆழம், 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்த டயரை ஓட்டுவது விதிக்குப் புறம்பானது. தேய்ந்த டயரில் புது ரப்பர் ஒட்டிய ரீபட்டன் டயரைப் பின்பக்கம் போடலாம். முன்பக்கம் போடாதீர்கள், எவ்வளவு பணமுடை என்றாலும்.

குவாரி, எம் சாண்ட் லோடு அடிப்பவர்கள் ஏர் ஃபில்டரைக் கம்பெனிப் புத்தகத்தில் போட்டிருக்கும் கிலோமீட்டருக்கு முன்பே பார்க்க வேண்டியிருக்கும். நம் பக்கத்துப் போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு அதிகமானது என்பதால் ரேடியேட்டரில் அதை ஊற்றி ஓட்டினால் உள்ளே படிவம் கட்டும். கூலண்ட் கலவையே ஊற்றுங்கள்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 (புதிய புகை விதி) லாரிகளில், புகையின் நச்சைக் குறைக்க, யூரியா எனப்படும் டி.இ.எஃப். திரவம் இருக்கிறது. அதில் 32.5 சதவீதம் தூய யூரியாவும் மீதி தாது நீக்கிய தண்ணீரும் இருக்க வேண்டும். சாலையோரம் மலிவாகக் கிடைக்கும் கேனை வாங்கியோ, உர யூரியாவைத் தண்ணீரில் கரைத்தோ ஊற்றினால் டோஸிங் மாட்யூலும் கேட்டலிஸ்ட்டும் கெட்டுப்போய், மிச்சம் பிடித்த சில நூறு ரூபாய்க்கு லட்சக் கணக்கில் பில் வரும். அந்த அமைப்பையே துண்டித்துத் தருகிறேன் என்று சொல்பவர்களிடம் போகாதீர்கள். அது சட்டத்துக்கும் புறம்பு.

ஓவர் லோடைப் பற்றி ஒரு வரி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 194ஆம் பிரிவுப்படி அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். அபராதம் விழாத நாளிலும் கமான் பட்டையும் டயரும் கிரவுனும் அதற்கான விலையைக் கட்டிக்கொண்டுதான் இருக்கும்.

பட்டறைக்குப் போனால்

வண்டியில் தெரியும் கோளாறுகளை மூன்றாகப் பிரியுங்கள். பிரேக், ஸ்டீயரிங், டைராட், கிங் பின், வீல் பேரிங், யூ போல்ட், ஆயில் பிரஷர் குறைவு, எஞ்சின் சூடேறுவது ஆகியவை அந்த இடத்திலேயே வண்டியை நிறுத்த வேண்டியவை. லோடு இருந்தாலும், லோடு கொடுத்த பார்ட்டி போனில் கத்தினாலும் ஓட்டக்கூடாது. கிளட்ச் வழுக்கத் தொடங்குவது, கிராஸ் ஜாயிண்ட் சத்தம், சிறிய ஆயில் கசிவு, செல்ஃப் மோட்டார் தடுமாறுவது ஆகியவற்றை அந்த நடை முடிந்து ஊர் திரும்பியவுடன் பார்க்கலாம். டிங்கரிங், பெயிண்ட், சீட் கவர் எல்லாம் எஃப்.சி. வரும்வரை காத்திருக்கலாம். கேபினுக்குக் கலர் லைட்டும் ஸ்டிக்கரும் போட்டுவிட்டு லைனருக்குப் பணம் இல்லை என்று நிற்கும் வண்டிகளை நான் ஒரு கை விரலுக்குள் எண்ணிவிட முடியாது.

வேலையை ஒப்படைக்கும் முன், எந்தெந்தப் பாகம், எந்தக் கம்பெனி, என்ன விலை, கூலி எவ்வளவு, எந்தத் தேதிக்குள் என்று ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். பிரித்த பிறகு வேறு கோளாறு தெரிந்தால், சொல்லாமல் செய்யக்கூடாது என்பதையும் பேசிவிடுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கையில் கேட்டு வாங்குங்கள். நல்ல மேஸ்திரி இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

எதை ஒரே தடவையில் மாற்றுவது, எதைத் தள்ளிப்போடுவது என்பதில் புதியவர்கள் தடுமாறுவார்கள். ஒரு பட்டறையில் நடந்த பேச்சு இப்படிப் போனது:

"அண்ணே, கிளட்ச் பிளேட்டை மட்டும் மாத்திக் குடுங்க. மத்ததை அடுத்த மாசம் பாத்துக்கலாம்."

"பிளேட்டு மட்டும் போட்டு, அப்புறம் பேரிங் கத்துச்சுன்னா திரும்பவும் கியர்பாக்ஸை இறக்கணும் தம்பி. கூலியை ரெண்டு தடவ குடுப்பியா?"

மேஸ்திரி சொன்னதே விதி. பிரிப்பதற்கான கூலியும் வண்டி நிற்கும் நாளும் பாகத்தின் விலையைவிட அதிகமாகும் இடங்களில், அதாவது கிளட்ச், கியர்பாக்ஸ், ஹப் வேலைகளில், பக்கத்தில் இருக்கும் தேய்ந்த பாகங்களையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். வெளியே இருந்தே கழற்றக்கூடிய டைனமோ, செல்ஃப், ஹோஸ், பெல்ட் போன்றவற்றை ஒவ்வொன்றாக மாற்றலாம்.

உதிரிபாகங்களில் கம்பெனி பாகம், அதே பாகத்தைத் தயாரிப்பவர் தன் பெயரில் விற்பது, லோக்கல், பழைய வண்டியில் கழற்றியது என்று நான்கு தரம் கிடைக்கும். இவற்றில் இரண்டாவது பெரும்பாலும் விலைக்கும் உழைப்புக்கும் பொருத்தமானது. கேபின் கதவு, கண்ணாடி, பம்பர் போன்றவற்றைப் பழையதாக வாங்கலாம்; பிரேக், ஸ்டீயரிங், வீல் போல்ட் வகையில் லோக்கலும் பழையதும் வேண்டவே வேண்டாம். 2025 செப்டம்பர் 22 முதல் லாரி டயருக்கும் உதிரிபாகங்களுக்கும் ஜி.எஸ்.டி. 28இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது; பழைய விலையிலேயே சொல்பவரிடம் பில் கேளுங்கள்.

ஸ்பேர்ஸ் கடையில் கடன் வைப்பதும் கடன்தான். ரொக்கமாகக் கொடுத்தால் 18,800, ஒரு மாதம் கழித்துக் கொடுத்தால் 20,000 என்றால், 1,200 ரூபாய் வட்டி, அதாவது நூற்றுக்கு ஆறு ரூபாய்க்கும் மேல். இதைக் கடைக்காரர் வட்டி என்று சொல்லமாட்டார், அவ்வளவுதான். ரொக்க விலையையும் கடன் விலையையும் தனித்தனியாகக் கேட்டுக்கொண்ட பிறகே முடிவு செய்யுங்கள்.

நெடுஞ்சாலையில் வண்டி நின்றுவிட்டால், முதலில் முக்கோணப் பலகையை வைத்துவிட்டு உங்கள் மேஸ்திரிக்குப் போன் செய்து அறிகுறிகளைச் சொல்லுங்கள். தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033. விபத்து என்றால் இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கு உடனே தகவல் சொல்லி, சர்வேயர் பார்க்கும்வரை எதையும் பிரிக்காதீர்கள். டயர், டியூப், ரப்பர், பிளாஸ்டிக், பேட்டரி ஆகியவற்றில் பாதித் தேய்மானம் கழித்தே பணம் வரும்; சாதாரணத் தேய்மானத்தில் வந்த பழுதுக்கு இன்ஷூரன்ஸ் கிடையாது.

எல்லாக் கடனையும் ஒரே தாளில்

ஒரு முழுத்தாளை எடுத்து, நிதி நிறுவனத் தவணை, நகைக்கடன், சீட்டு, கைமாற்று, தண்டல், ஸ்பேர்ஸ் கடை, டீசல் பங்க், டயர் கடை, மைத்துனரிடம் வாங்கியது வரை ஒன்றையும் விடாமல் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே மீதி அசல், ஆண்டு வட்டி, மாதம் கட்டுவது, எதை அடமானம் வைத்திருக்கிறீர்கள் என்பதையும் எழுத வேண்டும். வீட்டில் மனைவியிடம் அந்தத் தாளைக் காட்டுங்கள். மறைத்து வைத்த கடன்தான் மறுபடியும் கடன் வாங்க வைக்கும்.

ஊர்ப் பேச்சில் வட்டி மாதக் கணக்கில் சொல்லப்படுவதால் அதன் கனம் தெரிவதில்லை. ஒரு ரூபாய் வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய், அதாவது ஆண்டுக்கு 12 சதவீதம். மூன்று ரூபாய் வட்டி 36. ஐந்து ரூபாய் வட்டி 60. தினமும் வசூலிக்கும் தண்டல் இன்னும் தந்திரமானது. 10,000 ரூபாய்க்கு 1,000 பிடித்துக்கொண்டு 9,000 கையில் கொடுத்து, நாளுக்கு 100 வீதம் நூறு நாள் வசூலிப்பார்கள். பத்து சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் தினமும் அசலைத் திருப்பிக்கொண்டே இருக்கிறீர்கள். நூறு நாளும் 9,000 ரூபாய் உங்கள் கையில் இருக்கவில்லை. அப்படிக் கணக்கிட்டால் வட்டி ஆண்டுக்கு 75 சதவீதத்துக்கும் மேல் வரும். கிளட்ச் மாற்றத் தண்டல் வாங்கி, தண்டல் கட்ட இன்னொரு தண்டல் வாங்கியவர் லாரி ஓட்டுவது தண்டல்காரருக்காகத்தான்.

அவசரச் செலவுக்குப் பணம் தேவைப்பட்டால் முதலில் பழுதுக் கணக்கு. அது போதாவிட்டால் கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ நகைக்கடன். நகை பீரோவில் இருக்க, வெளியே மூன்று ரூபாய் வட்டிக்கு வாங்குபவர்கள் கௌரவத்துக்காக மாதாமாதம் பணம் கட்டுகிறார்கள். பிறகு, ஏற்கெனவே ஒழுங்காகத் தவணை கட்டிவரும் நிதி நிறுவனத்திடம் கூடுதல் கடன். தொழிலை நிலைப்படுத்த மத்திய அரசின் முத்ரா திட்டத்தில் பிணை இல்லாமல் 10 லட்சம் ரூபாய் வரை விண்ணப்பிக்கலாம். இதற்கு வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்திருப்பது உதவும். பத்து வண்டிக்கு மேற்படாத சரக்கு வாகன உரிமையாளர் கணக்குப் புத்தகம் வைக்காமலே அனுமான அடிப்படையில் வருமானத்தைக் காட்ட வழி உண்டு. ஏலச்சீட்டு போடுவதானால் பதிவு செய்யப்பட்ட சீட்டாக இருக்கட்டும். மாதம் நூற்றுக்கு எட்டு, பத்து ரூபாய் வட்டி தருவதாகச் சொல்லி வசூலித்த நிறுவனங்களை நம்பி இப்பகுதி மக்கள் இழந்த பணம் கொஞ்சமல்ல. பழுதுக் கணக்கில் இருக்கும் பணத்தை அப்படி எங்கேயும் 'வளர' விடாதீர்கள்.

திருப்பிக் கட்டும் வரிசை வேறு. வண்டித் தவணையைத் தவறவிடாமல், மற்றவற்றுக்கு ஒப்புக்கொண்ட தொகையை மட்டும் கட்டிக்கொண்டு, மிஞ்சுவதையெல்லாம் வட்டி அதிகமான ஒரே கடன்மீது குவியுங்கள். அது முடிந்தவுடன் அடுத்தது. எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து எல்லோரையும் சமாதானப்படுத்துவது மனத்துக்கு இதமாக இருக்கும், கடன் குறையாது.

வர வேண்டிய பணத்தையும் தாளின் மறுபக்கத்தில் எழுதுங்கள். பேலன்ஸ் வாடகை இரண்டு மாதம் நின்றால், அந்தப் பார்ட்டிக்கு நீங்கள் வட்டியில்லாக் கடன் கொடுத்துவிட்டு, உங்கள் செலவுக்கு வட்டிக்கு வாங்குகிறீர்கள். சரக்கு இறக்கியவுடன் கையெழுத்தும் முத்திரையும் பெற்ற எல்.ஆர். (சரக்கு ரசீது) நகலைப் படம் எடுத்து அன்றே அனுப்புங்கள். சிறுதொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இலவசம். பதிவு செய்த சிறுதொழிலுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. லோடு கொடுப்பவர்மீது வழக்குப் போட யாரும் முன்வர மாட்டார்கள் என்பது உண்மை. ஆனால் பில்லில் உத்யம் எண் இருந்தால் பெரிய நிறுவனங்களின் கணக்குப் பிரிவு அதைக் கவனிக்கும்.

தவணை தவறும் நிலை வந்தால்

தேதி தாண்டிய பிறகு போனை அணைத்து வைப்பதைவிட, தேதிக்கு ஒரு வாரம் முன்பே கிளைக்குப் போய், வண்டி பட்டறையில் இருக்கும் எஸ்டிமேட்டைக் காட்டி, எந்தத் தேதியில் எவ்வளவு கட்ட முடியும் என்று எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். தவணைக் காலத்தை நீட்டி மாற்றியமைக்கக் கேட்கலாம். மொத்த வட்டி கூடும் என்பதைத் தெரிந்துகொண்டே கேளுங்கள். தாமதத்துக்குத் தண்டக் கட்டணம் வாங்கலாம், ஆனால் அதை வட்டி விகிதத்தோடு கூட்டி வட்டிக்கு வட்டியாக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் உத்தரவிட்டிருக்கிறது. வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பிறகும் அழைக்கக் கூடாது; மிரட்டவோ உறவினர்களிடம் அவமானப்படுத்தவோ கூடாது. நிறுவனத்திடம் எழுத்தில் புகார் செய்து 30 நாளில் தீர்வு இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், தகவலுக்கு 14448.

வண்டியை 'சரண்டர்' செய்துவிட்டால் கடன் தீர்ந்துவிடும் என்பது தவறான எண்ணம். ஏலத்தில் விற்ற தொகை கடனுக்குக் குறைந்தால் மீதி உங்கள் பெயரில்தான் நிற்கும். ஆறு மாதம் தொடர்ந்து பழுதுக் கணக்கில் பணம் போட முடியவில்லை, தவணைக்கும் வெளியே வாங்குகிறீர்கள் என்றால், வண்டி ஓடும் நிலையில் இருக்கும்போதே, நிதி நிறுவனத்தின் ஒப்புதலோடு நீங்களே ஆள் பார்த்து விற்பது நல்லது. மறுபடியும் சம்பளத்துக்கு ஸ்டீயரிங் பிடிப்பதில் கேவலம் ஒன்றும் இல்லை.

தனியார் வட்டிக்காரர்களிடம் வெற்றுப் பத்திரத்திலோ தொகை எழுதாத காசோலையிலோ கையெழுத்துப் போடாதீர்கள். கொடுத்த ஒவ்வொரு ரூபாய்க்கும் வங்கி வழியாகவோ எழுத்திலோ ஆதாரம் வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டின் 2003ஆம் ஆண்டுக் கந்துவட்டித் தடைச் சட்டப்படி அதீத வட்டி வசூலுக்கு 3 ஆண்டு வரை சிறையும் 30,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. மிரட்டல் வந்தால் காவல் நிலையத்திலும், திங்கள்கிழமை நடக்கும் ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க் கூட்டத்திலும் மனு கொடுக்கலாம். காசோலை திரும்பியதாக வக்கீல் நோட்டீஸ் வந்தால் அதை ஒதுக்கி வைக்காதீர்கள். நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் பணம் கட்டவில்லை என்றால் வழக்குத் தொடர எதிராளிக்கு உரிமை வந்துவிடும்.

கடைசித் தவணைக்குப் பிறகு

பலர் இந்த இடத்தில் அலட்சியமாக விட்டுவிடுகிறார்கள். கடைசித் தவணை கட்டியவுடன் நிதி நிறுவனத்திடமிருந்து பாக்கியில்லாச் சான்றும், கையெழுத்திட்ட படிவம் 35உம், நீங்கள் கொடுத்திருந்த காசோலைகளும் வாங்குங்கள். படிவம் 35ஐப் பரிவாகன் தளம் வழியாக வேலூர், இராணிப்பேட்டை, வாணியம்பாடி என்று உங்கள் வண்டி பதிவான வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு விண்ணப்பித்து, ஆர்.சி.யிலிருந்து நிறுவனத்தின் பெயரை நீக்குங்கள். சான்றில் காலக்கெடு குறிப்பிட்டிருந்தால் அதற்குள் முடிக்க வேண்டும். இன்ஷூரன்ஸ் பாலிசியிலும் அந்தப் பெயரை எடுத்துவிடச் சொல்லுங்கள். இரண்டு மாதம் கழித்து உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். ஆண்டுக்கு ஒருமுறை அது இலவசம். கடன் இன்னும் முடியாததாகக் காட்டினால் சான்றின் நகலோடு திருத்தம் கேட்டு எழுதுங்கள்.